பதினெட்டு வெற்றிகளின் கணக்கு

எங்கள் பேஸ்பால் அட்டை விளையாட்டு லீக்கின் நான்காவது வாரம் முடிந்தபோது என் அணி 24 ஆட்டங்களில் 18 வென்று, 6 தோற்று, பட்டியலின் உச்சியில் இருந்தது. இரண்டாம் இடத்தில் இருந்த அணி 14 வென்று 10 தோற்றிருந்தது. ஆறு ஆண்டுகளாக இந்த லீக்கில் இருக்கிறேன். இப்படி ஒரு தொடக்கம் எனக்கு ஒருமுறைகூட அமைந்ததில்லை. அந்த மகிழ்ச்சியோடு அன்றிரவு ஒரு தாளை எடுத்து, இந்த வெற்றிகள் எங்கிருந்து வந்தன என்று கணக்குப் போடத் தொடங்கினேன். அந்தக் கணக்கு எனக்குக் கற்றுத் தந்தவற்றையும், அதன் பிறகு நான் மாற்றிக்கொண்டவற்றையும், இதுபோன்ற அணியை நடத்துகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் ஆடுவது ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்னும் அட்டை விளையாட்டு. ஹால் ரிச்மன் உருவாக்கி 1961 முதல் விற்பனைக்கு வந்தது. உண்மையான பேஸ்பால் வீரர் ஒவ்வொருவருக்கும், ஒரு குறிப்பிட்ட ஆண்டில் அவர் ஆடிய விதத்தைப் பிரதிபலிக்கும் ஓர் அட்டை உண்டு. மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். தனி நிறப் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும்; 4 முதல் 6 வரை விழுந்தால் பிட்ச்சரின் அட்டையைப் பார்க்க வேண்டும். மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை எந்த வரியைப் படிப்பது என்று சொல்லும். ஆகவே சரிபாதி முடிவுகள் அடிப்பவரிடமும் சரிபாதி முடிவுகள் எறிபவரிடமும் இருக்கின்றன. இதைத் தவிர, பந்தைத் தடுக்கும் திறனுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. 1 என்பதே மிகச் சிறந்தது.

எங்கள் லீக்கில் 12 மேலாளர்கள் இருக்கிறோம். இந்தப் பருவத்திற்கு 1987-ஆம் ஆண்டின் அட்டைகளை எடுத்துக்கொண்டு, எல்லா வீரர்களையும், மேலாளர்கள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறையில் புதிதாகப் பங்கிட்டுக்கொண்டோம். மொத்தம் 162 ஆட்டங்கள், வாரத்திற்கு 6. இந்த அனுபவத்தின் மையமாக இருக்கும் விதி ஒன்று உண்டு. ஒரு பேட்டர் 1987-இல் உண்மையில் எத்தனை ஆட்டங்கள் ஆடினாரோ அதற்கு மேல் அவரை இறக்க முடியாது. ஒரு பிட்ச்சர் எத்தனை இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்தில் ஒன்பது உண்டு) எறிந்தாரோ அதற்கு மேல் அவரை எறியவைக்க முடியாது.

1987 ஹோம் ரன்கள், அதாவது பேட்டர் ஒரே அடியில் மைதானத்தின் நான்கு தளங்களையும் சுற்றி வந்து ரன் எடுக்கும் அடிகள், கொட்டிய ஆண்டு. அமெரிக்காவின் இரு பெரிய லீக்குகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் சேர்த்து 4,458 ஹோம் ரன்கள் அடிக்கப்பட்டன. அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை அடிக்கப்பட்டதில்லை. ஆண்ட்ரே டாசனும், அறிமுக ஆண்டில் இருந்த மார்க் மக்வயரும் ஆளுக்கு 49 அடித்தார்கள். எங்கள் டிராஃப்டின் முதல் சுற்றுகளில் பெரும்பாலானோர் ஹோம் ரன் அடிப்பவர்களைத் தேடியே ஓடினார்கள். எங்கும் மலிந்து கிடக்கும் ஒன்றை விலை உயர்ந்த சுற்றுகளில் வாங்குவது வீண் என்று எனக்குப் பட்டது. அந்த ஆண்டில் அரிதாக இருந்தவை வேறு: தொடர்ந்து தளம் அடையும் திறன், ஓட்டம், பந்துத் தடுப்பு, அடிக்கவிடாமலே அவுட் ஆக்கும் பிட்ச்சர்.

நான் தேர்வு வரிசையில் கடைசி, அதாவது 12-ஆவது இடம். ஒவ்வொரு சுற்றுக்கும் வரிசை தலைகீழாகத் திரும்புவதால் 12, 13, 36, 37, 60, 61 என்று எனக்கு இரட்டை இரட்டையாக வாய்ப்புகள் வந்தன. முதல் இரண்டில் டிம் ரெய்ன்ஸையும் எரிக் டேவிஸையும் எடுத்தேன். ரெய்ன்ஸ் அந்த ஆண்டு 0.330 சராசரியுடன் (அடிக்கும் வாய்ப்புகளில் ஹிட் அடித்து, அதாவது பந்தை அடித்துத் தளம் அடைந்தவற்றின் விகிதம்) 50 தளங்கள் திருடியவர் (பிட்ச்சர் எறியும்போதே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதே தளத் திருட்டு). டேவிஸ் 37 ஹோம் ரன்களும் 50 தளத் திருட்டுகளும் ஒரே ஆண்டில் செய்தவர். இவ்வளவு பெரிய வீரர்கள் எனக்காகக் காத்திருந்ததற்குக் காரணம், இருவரும் முழுப் பருவம் ஆடவில்லை என்பதே. ஒப்பந்த விதி ஒன்றின் காரணமாக ரெய்ன்ஸால் அந்த ஆண்டு மே மாதம் வரை மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் அணிக்கு ஆட முடியவில்லை. அவர் ஆடியவை 139 ஆட்டங்கள். டேவிஸ் ஆடியவை 129. மூன்றாம் சுற்றில் நான் எடுத்த பால் மோலிட்டர், 0.353 அடித்தும், தொடர்ந்து 39 ஆட்டங்களில் ஹிட் அடித்தும், காயத்தால் 118 ஆட்டங்களோடு நின்றவர். மற்ற மேலாளர்கள் அவர்கள் ஆடாத நாட்களைப் பார்த்தார்கள். நான் ஆடிய நாட்களின் தரத்தைப் பார்த்தேன். இந்தத் தேர்வை இன்றும் சரி என்றே நினைக்கிறேன். அதற்குரிய விலையைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்க்கத் தவறினேன் என்பதுதான் என் பிழை.

அடுத்த தேர்வில் ஓஸி ஸ்மித் கிடைத்தார். அந்த ஆண்டு அவர் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை என்பதால் அவரைப் பலர் ஒதுக்கினார்கள். ஆனால் அவர் 0.303 அடித்தார், தடுப்பிலோ அவருக்கு இணை இல்லை. இந்த விளையாட்டில் ஒவ்வொரு பிட்ச்சரின் அட்டையிலும் சில வரிகள் முடிவைத் தடுப்பாளரின் கையில் விட்டுவிடுகின்றன. அவற்றில் மிக அதிகமான வரிகள் ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்), அதற்கு அடுத்தபடியாக இரண்டாம் தளக்காரருக்கும் உரியவை. ஆகவே அந்த இரண்டு இடங்களிலும் தடுப்பைப் பார்த்து ஆள் எடுப்பது, பிட்ச்சர்கள் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் சற்று மேம்படுத்துவதற்குச் சமம். அணி அமைக்கும் புதியவர் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

60-ஆவது தேர்வில் நோலன் ரயன். அவருடைய 1987 கணக்கு விசித்திரமானது. 8 வெற்றி, 16 தோல்வி. ஆனால் தடுப்பாளர்களின் பிழையால் வந்தவற்றைக் கழித்தால், எதிரணிகள் அவரிடம் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 2.76 ரன்களே எடுத்தன (இதுவே பிட்ச்சரின் ரன் சராசரி), 211 இன்னிங்ஸ் சொச்சத்தில் 270 ஸ்ட்ரைக்அவுட்கள் (பேட்டரை அடிக்கவிடாமலே அவுட் ஆக்குவது) செய்தார். ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி அவர் எறிந்த நாட்களில் போதுமான ரன்களை எடுத்துத் தரவில்லை என்பதையே அந்த 16 தோல்விகள் காட்டுகின்றன. அட்டையில் ஆஸ்ட்ரோஸின் பேட்டிங் இல்லை. ரயனின் எறிதல் மட்டுமே இருக்கிறது. எங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பிட்ச்சரின் வெற்றி தோல்விக் கணக்கைப் பார்த்தே அவரைக் கடந்துபோனார்கள். முதல் நான்கு வாரங்களில் எனக்காக அவர் 5 ஆட்டங்கள் தொடங்கி, 3 வென்று 1 தோற்றார்.

அந்த இரவின் கணக்கிற்கு வருகிறேன். முதலில் ரன்களைக் கூட்டினேன். எடுத்தவை 131, கொடுத்தவை 98. பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு: எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்தவற்றின் வர்க்கமும் கொடுத்தவற்றின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் ஏறக்குறையக் கிடைக்கும். என் எண்களைப் போட்டால் 0.641 வந்தது. 24 ஆட்டங்களுக்கு அது 15 வெற்றிகளுக்குச் சற்று மேல். நானோ 18 வென்றிருந்தேன். ஏறத்தாழ மூன்று வெற்றிகள் ரன் கணக்கில் காணப்படாத இடத்திலிருந்து வந்திருந்தன.

அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பது எளிதாகவே இருந்தது. ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த 8 ஆட்டங்களில் 7 வென்றிருந்தேன். மற்ற 16 ஆட்டங்களில் 11 வெற்றி, 5 தோல்வி. ஒரு ரன் ஆட்டங்களை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு நகர்வதே வழக்கம். நானும் அப்படியே எழுதினேன். பிறகு அந்த எட்டு ஆட்டங்களின் பதிவுத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தபோது, ஏழு வெற்றிகளில் ஆறில் கடைசி இன்னிங்ஸ்களை எறிந்தவர் ஒருவரே என்று கண்டேன். அவர் டிம் பர்க்.

பர்க் 1987-இல் 7 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை; எதிரணிகள் அவரிடம் எடுத்த ரன் சராசரி 1.19. ஆட்டத்தின் முடிவில் முன்னிலையைக் காப்பதற்கு இதைவிட நல்ல அட்டையை அந்த ஆண்டில் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் அவர் அந்த ஆண்டு எறிந்தவை 91 இன்னிங்ஸ். அதை 162 ஆட்டங்களுக்குப் பங்கிட்டால் 24 ஆட்டங்களில் பதின்மூன்றரை இன்னிங்ஸ்தான் என் உரிமை. நான் செலவழித்திருந்தது 21. இந்த வேகத்தில் போனால் 104-ஆவது ஆட்டத்தோடு பர்க் தீர்ந்துவிடுவார். பருவத்தின் கடைசி 58 ஆட்டங்களை, அதாவது பட்டம் தீர்மானிக்கப்படும் ஆட்டங்களை, அவர் இல்லாமல் ஆட வேண்டும்.

உடனே பேட்டர்களின் கணக்கையும் பார்த்தேன். ரெய்ன்ஸ், டேவிஸ், மோலிட்டர் மூவரும் 24 ஆட்டங்களிலும் இறங்கியிருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து 72 ஆட்டங்கள். அவர்களுடைய மொத்த உரிமையைப் பருவம் முழுவதற்கும் சமமாகப் பங்கிட்டால் அதுவரை 57 மட்டுமே வந்திருக்க வேண்டும். 15 ஆட்டங்களை முன்கூட்டியே எடுத்துச் செலவழித்திருந்தேன். விதைநெல்லை எடுத்துச் சமைத்து உண்டுவிட்டு, விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த நிமிடத்தில்தான் புரிந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் ஆறு ஆண்டுகளில் இதை நான் சரியாகப் பார்த்ததில்லை. ரன் கணக்கைவிட அதிகமான வெற்றிகள் வந்தால் அது பகடையின் கருணை என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். பயன்பாட்டு வரம்பு உள்ள லீக்கில், நெருக்கமான ஆட்டங்களில் எல்லாம் சிறந்த பிட்ச்சரை இறக்கும் அணி உண்மையாகவே அதிகம் வெல்லும். அந்த வெற்றி பருவத்தின் பின்பகுதியிலிருந்து எடுத்த கடன். அதிர்ஷ்டம் என்றால் நாம் செய்ய ஒன்றும் இல்லை. கடன் என்றால் எங்கே வாங்கினோம், எப்படித் திருப்புவது என்று பார்க்க முடியும். அதனால், வரம்பு உள்ள எந்த லீக்கிலும் வெற்றிப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு முக்கிய வீரரின் செலவையும் உரிமையையும் இரண்டு பத்திகளாக எழுதி வாரந்தோறும் புதுப்பிப்பது அவசியம். எனக்கு அதற்கு வாரத்திற்குப் பத்து நிமிடம் ஆகிறது.

கடன் எப்படி ஏறியது என்று தேடியபோது இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் லீக்கில் ஆட்டம் யாருடைய மைதானத்தில் நடக்கிறதோ அந்த மேலாளரே பகடையை உருட்டி இரண்டு அணிகளையும் நடத்துவார். வெளியூர் அணியின் மேலாளர் முன்கூட்டியே ஒரு குறிப்புத் தாள் அனுப்பிவிடுவார். என் தாளில் “ஏழாவது இன்னிங்ஸுக்குப் பிறகு மூன்று ரன் வரை முன்னிலை இருந்தால் பர்க்” என்று எழுதியிருந்தேன். எதிர் மேலாளர்கள் நேர்மையானவர்கள். எழுதியதை எழுதியபடியே செய்தார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் இரண்டு இன்னிங்ஸ் போயின. பர்க் எறிந்த 21-இல் 13 இன்னிங்ஸ் வெளியூர் ஆட்டங்களில் இப்படிக் கழிந்தவை. மூன்று ரன் முன்னிலையைக் காக்க அவர் தேவையே இல்லை. இரண்டாம் நிலைப் பிட்ச்சர் யாரும் பெரும்பாலும் காத்துவிடுவார்.

இப்போது என் தாளில் எழுதுவது வேறு விதம். பர்க் ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டும் வருவார். ஒரு ரன் முன்னிலையில் மட்டும் வருவார். மூன்று ஆட்டத் தொடரில் மொத்தம் இரண்டு இன்னிங்ஸுக்கு மேல் எறியமாட்டார். எட்டாவது இன்னிங்ஸில் எதிரணியின் அடுத்த மூன்று பேட்டர்களில் இருவர் இடக்கையர்களாக இருந்தால் யார், வலக்கையர்களாக இருந்தால் யார் என்று பெயர் குறித்திருக்கிறேன். தளத் திருட்டுக்கும் அப்படியே: எதிரணி கேட்ச்சரின் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவரின்) கை வலுவாக இருந்தால் ரெய்ன்ஸும் டேவிஸும் மட்டுமே முயல வேண்டும், நான்கு ரன்கள் பின்தங்கியிருந்தால் யாருமே முயலக் கூடாது. குறிப்புத் தாள் எழுதும்போது, நம் மனதில் உள்ளதை அறியாத, ஆனால் நாம் எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் செய்யக்கூடிய ஒருவரை நினைத்துக்கொண்டு எழுத வேண்டும். “தேவைப்பட்டால்” என்ற சொல்லை என் தாளிலிருந்து முற்றிலும் நீக்கிவிட்டேன். தேவை எப்போது என்று எண்ணால் சொல்ல முடியாவிட்டால் அந்தக் குறிப்பு இல்லாமலிருப்பதே நல்லது.

நல்ல தொடக்கம் கொண்டுவரும் இன்னொரு ஆபத்து, சில வீரர்களைப் பற்றிய தவறான மதிப்பீடு. மாற்று வீரராக நான் வைத்திருந்த இன்ஃபீல்டர் (தளங்களை ஒட்டி நிற்கும் தடுப்பாளர்) ஒருவர், அந்த நான்கு வாரங்களில் கிடைத்த சில வாய்ப்புகளில் 0.380 அடித்திருந்தார். டேவிஸோ 0.208-இல் தடுமாறிக்கொண்டிருந்தார். உண்மையான பேஸ்பாலில் ஒருவர் திடீரென நன்றாக அடித்தால், அவர் தன் அடிக்கும் முறையைத் திருத்தியிருக்கலாம், உடல் தேறியிருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. அட்டையில் அந்த இடமே இல்லை. அட்டை பருவத்தின் முதல் நாளில் அச்சிடப்பட்டிருந்தது போலவே கடைசி நாளிலும் இருக்கும். இங்கே ‘ஃபார்ம்’ என்று ஒன்று கிடையாது, 0.380-உம் 0.208-உம் பகடை போன வழியின் தடங்கள், அடுத்த உருட்டலைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. இதை எல்லா மேலாளர்களும் அறிவார்கள். ஆனால் பட்டியலை நாள்தோறும் பார்க்கும் மனம் அந்த அறிவை மெல்ல மெல்ல அரித்துவிடுகிறது. அதனால் அணி வரிசை எழுதும் நாளில் எங்கள் லீக்கின் புள்ளிவிவரங்களை நான் திறப்பதே இல்லை. அட்டைகளை மட்டும் மேசையில் பரப்பி எழுதுகிறேன். டேவிஸின் இடம் மாறவில்லை.

அதே உண்மை எனக்கு ஒரு பரிமாற்றத்தையும் சாத்தியமாக்கியது. ஜிம்மி கீ 1987-இல் அமெரிக்கன் லீக்கிலேயே மிகக் குறைந்த ரன் சராசரி கொண்ட பிட்ச்சர். 261 இன்னிங்ஸ் எறிந்தவர். எங்கள் லீக்கில் அவர் 1 வெற்றி, 4 தோல்வியுடன் தொடங்கியிருந்தார், அவருடைய மேலாளர் பொறுமை இழந்திருந்தார். 0.380 அடித்துக்கொண்டிருந்த என் இன்ஃபீல்டரையும் ஒரு மாற்று அவுட்ஃபீல்டரையும் (மைதானத்தின் வெளிப்பகுதித் தடுப்பாளர்) கொடுத்து கீயை வாங்கினேன். என் அணியின் குறை தரமல்ல, அளவு. 261 இன்னிங்ஸ் என்பது எனக்கு ரன் சராசரியைவிடப் பெரிய செல்வம். நீண்ட நேரம் எறியக்கூடிய ஒருவர் தொடக்கப் பிட்ச்சராக இருந்தால், எட்டாவது ஒன்பதாவது இன்னிங்ஸ்களில் பர்க்கைத் தேட வேண்டிய நாட்கள் தாமாகக் குறைகின்றன.

1987 அட்டைகளோடு பழகும்போது அந்த ஆண்டின் உண்மைக் கதைகள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. மோலிட்டர் ஆடிய மில்வாக்கி புரூவர்ஸ் அந்தப் பருவத்தின் முதல் 13 ஆட்டங்களையும் வென்றது. 20 வெற்றி, 3 தோல்வி வரை சென்றது. பிறகு மே மாதத்தில் தொடர்ந்து 12 ஆட்டங்கள் தோற்றது. 91 வெற்றிகளோடு தன் பிரிவில் மூன்றாவதாக முடித்தது. அதே ஆண்டு, இரு லீக்குகளின் வெற்றி அணிகள் மோதும் உலகத் தொடரை வென்ற மின்னசோட்டா ட்வின்ஸ், பருவம் முழுவதிலும் எடுத்த ரன்கள் 786, கொடுத்தவை 806. எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகம், ஆனாலும் 85 ஆட்டங்கள் வென்றது. மறுபுறம், 1984-இல் முதல் 40 ஆட்டங்களில் 35 வென்ற டெட்ராய்ட் டைகர்ஸ் 104 வெற்றிகளோடு உலகத் தொடரையும் வென்றது. தொடக்கம் பொய்யானது என்று நான் சொல்ல வரவில்லை. கையில் வந்த வெற்றியை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. நான்கு ஆட்ட முன்னிலை என்பது நான்கு ஆட்ட முன்னிலையே. அதைச் சரியாகப் பயன்படுத்தும் வழி, அந்த முன்னிலையைக் கொண்டு கடனை அடைப்பது என்று முடிவு செய்தேன்.

அதைச் செய்வதற்கு ஒழுங்கு தேவைப்பட்டது. எதிரணியின் பிட்ச்சர் யார் என்று பார்த்து ஓய்வு நாட்களைத் தீர்மானித்தேன். மோலிட்டர் வலக்கையர், அட்டையில் வலக்கைப் பிட்ச்சர்களுக்கும் இடக்கைப் பிட்ச்சர்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. கடினமான வலக்கைப் பிட்ச்சர் வரும் நாளில் அவர் அமர்ந்தால் இழப்பு குறைவு. அந்த நாளில் அவருக்குப் பதிலாக இடக்கை பேட்டர் ஒருவரை மூன்றாம் தளத்தில் இறக்குகிறேன். பலவீனமான அணியோடு ஆடும்போது நட்சத்திரங்களை அமரவைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் பிட்ச்சரின் கையைப் பார்ப்பதே மேல், ஏனென்றால் பலவீனமான அணியிடமும் ஒரு நல்ல பிட்ச்சர் இருப்பார். ரெய்ன்ஸ் இரு கைகளாலும் அடிப்பவர் என்பதால் அவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தவில்லை. அவருக்கு ஏழு ஆட்டங்களுக்கு ஒன்று என்று நேரடியாக ஓய்வு கொடுத்துவிட்டேன்.

அடுத்த 24 ஆட்டங்களில் 13 வென்றேன், 11 தோற்றேன். எடுத்த ரன்கள் 118, கொடுத்தவை 109. சூத்திரம் சொன்னதும் 13 தான். ஒரு ரன் ஆட்டங்களில் 4 வெற்றி, 5 தோல்வி. அவற்றில் இரண்டு தோல்விகள் மனதை வருத்தின: ஒன்பதாவது இன்னிங்ஸில் பர்க் பெஞ்சில் இருக்க, வேறொருவர் முன்னிலையை இழந்ததைப் பதிவுத் தாளில் படிப்பது எளிதாக இல்லை. ஒரு தோல்விக்குப் பிறகு, பழைய குறிப்பையே மீண்டும் எழுதிவிடலாம் என்று தாளை எடுத்தேன்; செலவுப் பத்தியைப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். டேவிஸ் ஆறாவது வாரத்தில் ஐந்து ஹோம் ரன்கள் அடித்தார். கீ தொடங்கிய நான்கு ஆட்டங்களில் மூன்றில் எட்டு இன்னிங்ஸ் எறிந்தார்.

இன்று எட்டு வாரங்கள் முடிந்து 31 வெற்றி, 17 தோல்வியில் இருக்கிறேன். இரண்டாம் இடத்தில் இருக்கும் அணி 30 வென்று, ஒரே ஆட்டம் பின்னால் வந்துவிட்டது. பர்க் எறிந்தவை 31 இன்னிங்ஸ், உரிமை 27. மீதமுள்ள 114 ஆட்டங்களுக்கு 60 இன்னிங்ஸ் கையில் இருக்கிறது. மோலிட்டர் 37 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார், உரிமை 35. அடுத்த வாரம் அந்த இரண்டாம் இட அணியின் மைதானத்தில் மூன்று ஆட்டங்கள் இருக்கின்றன. முதல் நாள் எதிரில் எறியப்போகிறவர் வலக்கையர். நேற்றிரவு அனுப்பிய குறிப்புத் தாளில் அந்த நாளின் மூன்றாம் தளத்திற்கு எதிரே மோலிட்டரின் பெயர் இல்லை.